இருளாயி அருவா

ஒத்தப்பனைக்குடிக்கு வானத்திலிருந்து கல் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, ஆடி மாத வெயிலில், எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. கண்மாய்க்கு மேற்கே சீமைக்கருவேலங்காட்டில் விறகு வெட்டிக்கொண்டிருந்த பன்னிரண்டு வீட்டு ஆட்களும் ஒரு வினாடி தங்கள் நிழல் எதிர்ப்பக்கம் விழுந்ததை மட்டும் பார்த்தார்கள். நிழல் உடனே பழைய பக்கத்துக்குத் திரும்பிவிட்டதால் அவர்களும் திரும்ப வெட்டத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் செல்லக்கிளி நிமிர்ந்து பார்த்து, "மதினி, உன் மூட்டம் எரியுது" என்றாள்.

கரிமூட்டம் எரியக் கூடாது. விறகைக் கோபுரமாக அடுக்கி, வைக்கோல் போட்டு, மண் பூசி, காற்று புகாமல் ஆறு நாள் உள்ளுக்குள் கனியவிட்டால்தான் கரி. எங்காவது ஓட்டை விழுந்து காற்று நுழைந்துவிட்டால் மிஞ்சுவது சாம்பல். கல் இருளாயியின் மூட்டத்தை உச்சியில் துளைத்து நடுவில் போய் உட்கார்ந்திருந்தது. மண்ணை அள்ளி அள்ளி அடைத்தும் நிற்கவில்லை. அவள் தனி ஆளாக இரண்டு மாதம் வெட்டிச் சேர்த்த விறகு சாயங்காலத்துக்குள் சாம்பலானது.

காடு மதுரையில் இருக்கும் ஒரு முதலாளியுடையது. அவருடைய மேனேஜர் பாலகுருநாதன் மோட்டார் சைக்கிளில் வந்து, இறங்காமலே பார்த்தார்.

"ஆகாயத்துல இருந்து விழுறதுக்கெல்லாம் முதலாளி பொறுப்பாக முடியாது. உன் மூட்டத்துல விழுந்தது உன் பாடு. கல்லை வேணும்னா நீயே வச்சுக்க."

மற்றப் பதினொரு வீட்டாரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

சாம்பல் ஆறியபின் இருளாயி கையை விட்டுத் துழாவி அதை எடுத்தாள். சின்னத் தேங்காய் அளவுதான். ஆனால் ஆட்டுக்கல் குழவியின் கனம் இருந்தது. அவளுக்கு வயது நாற்பத்தாறு. கணவன் மலைச்சாமி இறந்து நான்கு வருஷம். இழப்புக்குப் பதிலாக ஏதோ ஒன்று கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை என்பதால் அதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு முக்குரோட்டுப் பட்டறைக்கு நடந்தாள்.

பட்டறையில் குமரையா ஆசாரி குறடு பிடிப்பார். அவர் மனைவி தங்கப்புஷ்பம் சம்மட்டி அடிப்பாள். லாரிக்கு அடியில் வரும் வில்பட்டையை வெட்டி அருவாள் அடிப்பதுதான் அவர்கள் தொழில். உலைக்குக் கரி இருளாயியின் மூட்டத்துக் கரி.

"என்னத்தா, கரி கேட்டா கல்லு கொண்டாந்திருக்க?" என்றாள் தங்கப்புஷ்பம்.

"இரும்புதானான்னு பாருங்க."

ஆசாரி சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டார். "இரும்புதான். ஆனா லாரிப் பட்டையில அடிச்சா சத்தம் வெளிய வரும். இதுல சத்தம் உள்ள போகுது."

மூன்று நாள் ஆனது. தங்கப்புஷ்பம்தான் பக்குவம் கண்டுபிடித்தாள். அதிகம் பழுக்கவிடாமல், சாயங்காலச் சூரியன் நிறத்திலேயே வெளியே எடுத்து, மெதுவாக அடித்து, மறுபடி உள்ளே வைத்து, மறுபடி அடித்து, அந்தக் கல் முழுவதையும் ஒரே ஒரு அருவாளாக நீட்டினார்கள். புளியைக் கரைத்துத் தேய்த்தபோது அலகு முழுக்கக் கோரைப்பாய் பின்னலைப் போல வரி வரியாகக் கோடுகள் வந்தன. ஆசாரி அதைக் கையில் கொடுக்காமல், வழக்கப்படி தரையில் வைத்தார். இருளாயி குனிந்து எடுத்துக்கொண்டாள்.

சீமைக்கருவையை வெட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்கு யாருக்குப் பருமனான மரத்தை வெட்டும் முறை வருகிறதோ அவரிடம்தான் இருப்பதிலேயே கூர்மையான அருவாள் போகும்; யாருடையது என்று பார்ப்பதில்லை. இருளாயியின் அருவாள் தொடை தண்டி மரத்தை வெண்டைக்காயைப் போல நறுக்கியது. அதனால் அது ஆவணியிலும் புரட்டாசியிலும் பன்னிரண்டு வீட்டுக் கைகளிலும் மாறி மாறிச் சுற்றியது. காட்டின் எல்லா மூலையிலும் நாலு மரம், பத்து மரம் என்று வெட்டியது. எந்த மரத்தை எந்த அருவாள் வெட்டியது என்று யாரும் குறித்து வைக்கவில்லை.

ஐப்பசியில் மழை இறங்கியது. வெட்டிய தூர்களில் எல்லாம் எட்டாம் நாள் தளிர் வந்தது. கருவை அப்படித்தான், வெட்ட வெட்ட வரும், எரித்தாலும் வரும், வேரில் விரல் அளவு மிச்சமிருந்தால் அதிலிருந்தும் வரும். ஆனால் அந்த வருஷம் காட்டில் அங்கங்கே சில தூர்கள் தளிர்க்காமல் நின்றன. அவற்றின் வெட்டுவாய் கண்ணாடியைப் போல வழவழவென்று இருந்தது. செல்லக்கிளி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, தன் இடதுகைக் கட்டைவிரலையும் பார்த்தாள்.

"புரட்டாசி மாசம் சோத்து நேரத்துல இந்த அருவாளாலதான் இந்த நகத்தைச் சீவினேன்," என்றாள். "மத்த ஒன்பதையும் அதுக்கப்புறம் நாலு தடவ வெட்டிட்டேன். இது அப்படியே இருக்கு."

அப்படியானால் அதனால் வெட்டியது திரும்ப வளராது என்று எல்லோருக்கும் விளங்கியது. விளங்கியதும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

அதற்குப் பிறகு ஊர் அந்த அருவாளோடு வாழப் பழகிக்கொண்டது. மின்வாரிய லயன்மேன் ஒரு நாள் இரவல் வாங்கிப்போய்க் கம்பியை உரசும் கிளைகளை வெட்டிவிட்டு, திருப்பித் தரும்போது அரைக்கிலோ மிக்சர் பொட்டலத்தையும் சேர்த்துக் கொடுத்தார். மாட்டுக்கு உள்நோக்கி வளைந்து கண்ணைக் குத்தும் கொம்பை நுனியில் சீவிக்கொண்டு போனார்கள். பஞ்சாயத்து எழுத்தர் ஒருவர் தாடி மழித்துக்கொள்ளக் கேட்டு வந்தபோது, நாவிதர் ஏகாம்பரம் தன் கடையிலிருந்து தெருவில் இறங்கி வந்து, "என் பொழப்பையும் சேர்த்துல்ல சிரைக்கிற" என்று நெஞ்சில் கைவைத்து நின்றார். எழுத்தர் திரும்பிப் போய்விட்டார். வீராயி வீட்டில் மறதியாக முருங்கையை அதனால் வெட்டிவிட்டு, அதற்கப்புறம் கீரைக்குப் பக்கத்து வீட்டு வாசலில் நிற்க வேண்டியதாகிவிட்டது. அதிலிருந்து, கீரைக்கும் புல்லுக்கும் பிள்ளைகள் தலைமுடிக்கும் அதைத் தொடக் கூடாது என்று பெண்கள் கூடிப் பேசி வைத்தார்கள். இருளாயியின் உள்ளங்கையில் ஒரு தடவை அது பட்டுவிட்டது. ரத்தம் வரவில்லை, வலிக்கவுமில்லை. ஆனால் அந்தக் கீறல் மூடவே இல்லை, உதடு திறந்தமாதிரி அப்படியே இருந்தது. அவள் அந்தக் கையை மடக்கியே வைத்திருக்கக் கற்றுக்கொண்டாள்.

பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் வந்து, புருஷனின் குடியை இதனால் வெட்ட முடியுமா என்று கேட்டாள். பையிலிருந்து காலிப் பாட்டிலை எடுத்து முன்னால் வைத்தாள்.

இருளாயி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "இது வளர்றதைத்தான் நிறுத்தும் தாயி. பாட்டில் வளரலையே, அவருல்ல வாங்கியாறாரு."

அந்தப் பெண் அழ வந்தவள். சிரித்துவிட்டு, அப்புறம் அழுதாள்.

இருளாயிக்கென்று ஒரு வேலை இருந்தது. கண்மாய்க்கரையை ஒட்டி மலைச்சாமி பெயரில் ஒரு ஏக்கர் நிலம் இருந்தது. அவன் ஆறு வருஷம் திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலைக்குப் போய்த் திரும்பி வந்தபோது அது நிலமாக இல்லை, காடாக இருந்தது. புருஷனும் மனைவியும் மூன்று தடவை அதை அடியோடு வெட்டினார்கள். மூன்று தடவையும் அடுத்த மழைக்கு அது முன்னைவிட அடர்த்தியாக வந்தது. நான்காம் தடவை வெட்டும்போது அவன் குதிகாலில் ஏறிய முள் உள்ளேயே ஒடிந்து, சீழ் பிடித்து, முழங்கால் வரை கறுத்து, பரமக்குடிக்கும் மதுரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்தும் நிற்காமல் அவனைக் கொண்டுபோனது. கடைசி வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவன் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "இந்நேரம் தளிர்த்திருக்கும்ல?"

அதனால் அவள் வாரம் ஆறு நாள் காட்டில் சாதா அருவாளால் வெட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த அருவாளோடு தன் நிலத்துக்குப் போய் ஐந்து மரம், ஆறு மரம் என்று வெட்டினாள். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு மரம். ஒவ்வொன்றும் விழுந்தபின் அது இனி வராது என்று தெரிந்து அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். வைகாசிக்குள் நூற்றுப் பத்து முடிந்திருந்தது.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை பாலகுருநாதன் வந்தார். இந்தத் தடவை ஜீப்பில் வந்து, இறங்கியும் நின்றார்.

"முதலாளி இந்தக் காடு முழுக்கச் சோலார் தகடு வைக்கப் போறாரு. ஜே.சி.பி. விட்டுப் பிடுங்கினாலும் இது திரும்ப வருதுன்னு கம்பெனிக்காரன் யோசிக்கிறான். உன்கிட்ட ஒரு அருவா இருக்காம்ல?"

"இருக்கு."

"கல்லு விழுந்த இடம் யாருது? முதலாளியோடது. அப்ப அருவா யாருது?"

"என் பாடுன்னு நீங்கதான சொன்னீங்க," என்றாள் இருளாயி.

"அது கல்லா இருந்தப்ப சொன்னது. வெள்ளிக்கிழமை காலையில ஆளோட வருவேன். மரியாதையா எடுத்து வச்சிரு."

ஜீப் போனபின் பன்னிரண்டு வீட்டாரும் தண்ணீர்த்தொட்டி அடியில் கூடினார்கள். அந்தக் காடு அவர்களுக்குச் சோறு. ஒரு பக்கத்தை வெட்டிவிட்டு மூன்று வருஷம் விட்டால் மறுபடி வெட்டுக்கு வந்துவிடும். முறைவைத்துச் சுற்றி வந்தால் அது தீர்வதே இல்லை. அந்த அருவாள் மேனேஜர் கைக்குப் போனால் ஒரே வருஷத்தில் தீர்ந்துவிடும்.

"இதுல பேச என்ன இருக்கு," என்றார் கூத்தன். கூட்டத்தில் மூத்தவர் அவர்தான். "அதை அழிச்சிரணும். இன்னைக்கே."

ஆசாரியையும் தங்கப்புஷ்பத்தையும் கூப்பிட்டிருந்தார்கள். "கிணத்துல போட்டா எடுத்துருவான்," என்றார் ஆசாரி. "உருக்கி வேற சாமான் பண்ணினா அதைத் திரும்ப அருவாளா அடிச்சிருவான். ஆனா அந்த இரும்பை வெள்ளையாப் பழுக்கவிட்டு ஒரே அடி அடிச்சோம்னா வெல்லக்கட்டி மாதிரி உதிர்ந்திரும். அப்புறம் எந்த ஆசாரியாலயும் அதைச் சேர்க்க முடியாது."

எல்லோரும் இருளாயியைப் பார்த்தார்கள். அவள் மடக்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அருவாள் அவளுடையது, அவள் மூட்டத்தைச் சாம்பலாக்கிவிட்டு வந்தது. வேண்டாம் என்று அவள் சொன்னால் அவர்களால் பிடுங்க முடியாது, பிடுங்கவும் மாட்டார்கள்.

"நான் ஒண்ணு கேக்கட்டா?" என்றாள். "எனக்கு இன்னும் முந்நூத்தி ரெண்டு மரம் இருக்கு."

ஒரு ஆள், ஒரு அருவாள், முந்நூற்று இரண்டு மரம். நடுவில் இருப்பது இரண்டு நாள்.

"அது முழு மரத்தையும் வெட்டணும்னு கட்டாயமா என்ன?" என்றாள் செல்லக்கிளி. "என் நகம் எம்புட்டு? நுனியில ஒரு சீவல்தான சீவினேன்? மரத்தை நாங்க எங்க அருவாளால சாய்க்கிறோம். மதினி பின்னாலயே வந்து தூரு மேல ஒரு சீவல் சீவிட்டுப் போகட்டும்."

கூத்தன் அவளைத் திரும்பிப் பார்த்தார். "அன்னைக்கு நகம் சீவும்போது வேலை நேரத்துல என்ன நகம்னு உன்னை வஞ்சேன். தப்புதான்."

புதன்கிழமை எல்லோரும் அருவாள் தீட்டினார்கள். வியாழக்கிழமை வெயில் ஏறும் முன்பே பன்னிரண்டு வீட்டிலிருந்தும் முப்பத்தொரு பேர், கைக்குழந்தைக்காரிகள் உட்பட, கண்மாய்க்கரைக்கு வந்து, ஒரு கோடு போட்டதைப் போல வரிசையாக நின்று, கிழக்கிலிருந்து மேற்காக வெட்டத் தொடங்கினார்கள். மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன, பிள்ளைகள் கிளையைப் பிடித்து இழுத்து ஓரத்தில் குவித்தார்கள், முள் குத்தியவர்கள் குத்திய இடத்தில் உட்கார்ந்து பிடுங்கிவிட்டு எழுந்து வெட்டினார்கள், அவர்களுக்குப் பின்னால் இருளாயி ஒவ்வொரு தூரிலும் குனிந்து, ஒரு சீவல் சீவி, நிமிர்ந்து, அடுத்த தூருக்குப் போனாள். சீவிய இடம் உடனே கண்ணாடியாகி வெயிலில் மின்னியது. நிலத்தின் ஓரத்தில் ஆசாரி தற்காலிக உலை போட்டிருந்தார். தங்கப்புஷ்பம் சம்மட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு காத்திருந்தாள். பகல் சாப்பாட்டுக்கு யாரும் கரையேறவில்லை. கஞ்சித் தூக்குவாளி வரிசையில் கைமாறிப் போனது. நிலத்தில் இருந்தபடி கண்மாய் மடையைப் பார்க்க முடியும் என்பது அன்று பின்னேரம்தான் அவர்களுக்குத் தெரிந்தது. இடையில் மரம் இல்லை.

மூன்றரை மணிக்குச் செல்லக்கிளியின் போன் அடித்தது. முக்குரோட்டிலிருந்து அவள் கொழுந்தன்.

"மேனேஜர் ஜீப்பு டீக்கடையில நிக்குதாம்," என்று கத்தினாள். "நாளைக்கு வர்றேன்னவரு இன்னைக்கே வந்துட்டாரு. வடை சாப்பிடுறாராம்."

"எத்தன வடை?" என்றார் கூத்தன்.

"சும்மா இரும் சித்தப்பா!"

மரம் எல்லாம் சாய்ந்திருந்தது. ஆனால் தென்மேற்கு மூலையில் இன்னும் சீவாத தூர்கள் இருந்தன. ஆசாரி உலையிலிருந்தே குரல் கொடுத்தார். "இருளாயி, வெள்ளையாப் பழுக்கக் கால்மணி நேரம் பிடிக்கும். இப்ப வச்சாத்தான் உண்டு."

"நீ போய் மூலையை முடி மதினி," என்றாள் செல்லக்கிளி. "நாங்க முள்ளைப் போட்டு ரோட்டை மறிக்கிறோம். பேசிக்கிட்டு நிக்கிறோம். நீ முடி."

இருளாயி அந்த மூலையைப் பார்த்தாள். அங்கேதான் மலைச்சாமிக்கு முள் ஏறியது. வேண்டுமென்றே அதைக் கடைசிக்கு வைத்திருந்தாள்; எல்லாம் முடிந்தபின், அவசரமில்லாமல், ஒவ்வொன்றாகச் சீவ வேண்டும் என்று நினைத்திருந்தாள். மூலைக்கு ஐம்பது அடி. உலைக்கும் ஐம்பது அடி. அவளைச் சுற்றி முப்பது பேர் கையிலும் காலிலும் ரத்தக்கீறலோடு நின்றார்கள். ஒருவர்கூட உலையைப் பார் என்று சொல்லவில்லை.

அவள் உலைக்கு நடந்தாள். அருவாளைத் தரையில் வைத்தாள். ஆசாரி குறட்டால் எடுத்து நெருப்பில் வைத்தார்.

அது சிவந்து, மஞ்சளாகி, பிறகு யாரும் நேராகப் பார்க்க முடியாத வெள்ளையானது. அங்கே நின்றவர்களின் நிழல் எல்லாம் பின்பக்கம் நீண்டு விழுந்தது. தங்கப்புஷ்பம் சம்மட்டியைத் தலைக்கு மேல் தூக்கி, "போயிட்டு வா தாயி" என்று சொல்லி ஒரே அடி அடித்தாள்.

ஜீப் வந்தபோது இருளாயி ஒரு முறத்தில் கறுப்பு மணி மணியாக எதையோ அள்ளி வைத்திருந்தாள். இன்னும் சூடாக இருந்தது.

"எங்க அருவா?" என்றார் பாலகுருநாதன்.

"அருவா என் பாடு, அது முடிஞ்சுது. கல்லு உங்களோடது. எல்லாம் இருக்கு, ஒரு பொடி குறையாது." முறத்தை அவர் காலடியில் வைத்தாள். "ஆகாயத்துல இருந்து விழுந்தபடியே முழுசாத் தர முடியல. மன்னிச்சுக்குங்க."

மேனேஜர் முறத்தைப் பார்த்தார், முப்பது பேரையும் பார்த்தார், அவர்கள் கையிலிருந்த சாதா அருவாள்களையும் பார்த்தார். முறத்தை டிரைவரிடம் எடுக்கச் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். ஆனி மாதம் முழுக்க ஜே.சி.பி. காட்டின் வடக்குப் பக்கத்தைப் பிடுங்கியது. மழை வந்ததும் பிடுங்கிய இடத்தில் தளிர் மண்டியது. கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

அதே மழையில் இருளாயி தன் நிலத்தில் மிளகாய் நாற்று நட்டாள். முந்நூற்றுச் சொச்சம் தூர்கள் சீவல் மின்ன, கல்லைப் போலச் செத்து நின்றன. அவற்றைச் சுற்றிப் பாத்தி கட்டினாள். தென்மேற்கு மூலையில் மட்டும் எட்டாம் நாள் தளிர் வந்தது. செல்லக்கிளி கடப்பாரையோடு வந்தாள்.

"எத்தன மதினி? இருபத்தேழா? ரெண்டு நாள் குடு, வேரோட தோண்டிப் போட்டுருவோம்."

"வேண்டாம். இருக்கட்டும்."

"இந்த மூலையவா இருக்கட்டும்ங்கிற?"

"மூணு வருஷத்துல வெட்டுக்கு வரும். காட்டோட சேர்த்து இதையும் முறையில வச்சுக்குவோம். யாரு முறை வருதோ அவங்க மூட்டம் போட்டுக்கட்டும்."

செல்லக்கிளி கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

இருளாயி அந்த மூலைக்குப் போய் ஒவ்வொரு தூராகக் குனிந்து பார்த்தாள். இருபத்தாறில் தளிர் இருந்தது, சின்னதாக, இன்னும் முள் விடாமல். ஒன்றில் இல்லை. அன்றைக்கு அவசரத்தில் அதைச் சீவினாளா இல்லையா என்று அவளுக்கு நினைவில்லை; வெட்டுவாயில் சேறு அப்பியிருந்ததால் பார்த்தும் தெரியவில்லை. சேற்றைத் துடைத்தால் தெரிந்துவிடும். அவள் துடைக்கவில்லை. அடுத்த நாள் காலையிலும் வந்து பார்த்தாள், அதற்கடுத்த நாளும். நான்காம் நாள், மிளகாய்க்கென்று கண்மாயிலிருந்து சுமந்து வந்த குடத்தை இறக்கி வைத்துவிட்டு, கரையில் யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, குடத்தைச் சாய்த்து, ஒத்தப்பனைக்குடியில் அதுவரை யாரும் செய்யாததைச் செய்தாள்: கருவைத் தூருக்குத் தண்ணீர் ஊற்றினாள்.